பகல் தூக்கத்துக்கு ஒரு திரை

அத்தியாயம் 17

“ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்” என்று கணவன் சொன்னதுதான் தாமதம், இளைய மருமகளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சிவரை சுர்ரென்று ஏறியது.

மணி காலை ஏழு. இரவு வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை. தோளில் பை, கையில் காகிதம் சுற்றிய நீளப் பொட்டலம். செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை.

“எந்த ஞாயித்துக்கிழமை? தேதி சொல்லுங்க. பதினாலு ஞாயிறு போயாச்சு. எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

அவன் பஸ் டிப்போவில் மெக்கானிக். எப்பேர்ப்பட்ட இன்ஜினையும் பிரித்துப் பூட்டிவிடுவான். வீட்டில் ஓர் ஆணி அடிக்கச் சொன்னால் மட்டும் கை வராது.

“அந்த ஜன்னல்கிட்டதான் அண்ணி மிஷின் போட்டிருக்காங்க. நீ பாட்டுக்குத் திரையை மாட்டி இருட்டாக்கிட்டா அவங்க எங்க உக்காந்து தைப்பாங்க? அதுவும் இந்த நேரத்துல? அவங்க அப்பா ஆஸ்பத்திரியில கெடக்கிறாரு. கொஞ்சம் நெனச்சுப் பாரு.”

‘அப்பா’ என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் வாய் தானாக மூடிக்கொண்டது. அவள் சமாதானம் ஆகிவிட்டாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியும் விட்டான்.

சமாதானமா! மூன்று வருடமாக இந்த வீட்டில் அவளுக்குக் கிடைக்காத ஒன்று அது.

இரண்டு படுக்கையறை வீடு. மூத்த மருமகளின் அறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர், கையை நீட்டித் தொடலாம். இளையவளின் அறை ஜன்னல் பெரியது, கிழக்கு பார்த்தது, விடிந்ததிலிருந்து உச்சி வேளை வரை வெயில் கொட்டும். அவள் கல்யாணமாகி வருவதற்கு முன்பே மூத்தவளின் தையல் மிஷின் அந்த ஜன்னலடியில் இருந்தது. அவள் வந்த பிறகும் அங்கேயே இருந்தது. ராத்திரி முழுக்க ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, முகத்துக்கு நேரே வெயிலும் தலைமாட்டில் கடகடவென்று மிஷினுமாக அவள் படுத்துப் புரண்டாள். மாமியார் அவளுக்கு ‘ஆந்தை’ என்று பேர் வைத்தாள். கணவனும் சிரித்தான்.

ஜன்னலுக்குத் திரை போடலாமா என்று மூத்தவளிடம் இரண்டு தடவை கேட்டாள். “கண்ணை மூடினா இருட்டுதானேம்மா” என்று பதில் வந்தது. அதற்கும் வீடே சிரித்தது.

சிரித்துக்கொண்டே இருந்திருப்பார்கள். பதினோரு நாளைக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் அவள் விரல் தப்பு செய்யாமல் இருந்திருந்தால்.

லாரி ஷெட் ஒன்றிலிருந்து வந்த அழைப்பு அது. ஒரு ஆள் வாய் கோணிக் கீழே விழுந்துகிடக்கிறார், ஏழாம் தெரு, சீக்கிரம் வாங்க என்றது ஒரு குரல். “ஏழாம் தெரு, சரிங்களா?” என்று அவளும் திருப்பிக் கேட்டாள். பதிவில் அவள் குரல் தெளிவாக இருக்கிறது. ஆனால் வாய் ஏழு என்று சொன்னபோது விரல் எட்டைத் தட்டியது. மூன்று நாளாகச் சேர்த்து ஏழு மணி நேரம்கூடத் தூங்காத விரல். வண்டி எட்டாம் தெருவில் பதினோரு நிமிடம் தேடிவிட்டு வந்தது. ஆள் பிழைத்துக்கொண்டார். வலது கை மட்டும் எழவில்லை.

போன வாரம் அவளுக்கு விசாரணைக் கடிதம் வந்தது. அதில் இருந்த நோயாளியின் பெயரைப் படித்தபோதுதான் அது யார் என்று அவளுக்குத் தெரிந்தது. மூத்தவளின் அப்பா. லாரி ஓட்டுகிறவர், இரண்டு மாதத்துக்கு முன்புதான் அந்தத் தெருவுக்குக் குடிமாறியவர்.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கணவனிடம்கூட. “உங்க ஆபீஸ்தானே, எவ அந்தப் போனை எடுத்தான்னு விசாரிச்சுச் சொல்லு” என்று மூத்தவள் தினமும் கேட்டாள். “முப்பது பேரு இருக்கோம் அக்கா, எப்படித் தெரியும்?” என்று இவளும் தினமும் பொய் சொன்னாள். சாப்பிடும்போது மூத்தவள் சபிப்பாள். “எங்கப்பாவுக்குப் போன மாதிரியே அவளுக்கும் கை வெளங்காமப் போகணும்.” அந்தக் கையால்தான் இளையவள் அவளுக்குச் சோறு பரிமாறினாள்.

ஆகவே அன்று காலை அவளுக்கு வந்த கோபம் யார் மேல் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கணவன் மேல். மாமியார் மேல். மிஷின் மேல். எல்லாவற்றையும்விடத் தன் மேல். ஆனால் தன்னைத்தானே அறைந்துகொண்டால் பைத்தியம் என்பார்கள். சுவரைத் துளைத்தால் யாரும் அப்படிச் சொல்ல முடியாது.

கட்டிலுக்கடியில் இருந்த கணவனின் டூல் பெட்டியை இழுத்தாள்.

மூத்தவள் ஆறு மணிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். பதினொன்றுக்கு முன்னால் வரமாட்டாள். நான்கு மணி நேரம் இருக்கிறது.

முதலில் மிஷின். கனத்த இரும்புக் கால்களுடன் அதைத் தனியாக இழுத்தபோது தரை கிரீச்சிட்டது. மேலே பாதி தைத்த பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஒரு குவியல். அதை அப்படியே தூக்கி ஹாலில் நாற்காலி மேல் வைத்தாள்.

சமையலறையிலிருந்து மாமியார் கரண்டியோடு ஓடிவந்தாள்.

“என்னடி பண்றே? அது அவ மிஷின்டி!”

“தெரியும் அத்தை. யாரும் திருடிக்கிட்டுப் போகல. ஹால்லதான் இருக்கு.”

“அவ வந்தா என்ன சொல்லுவா?”

“என்ன வேணும்னாலும் சொல்லட்டும். நான் இன்னிக்குத் தூங்கணும்.”

“தூக்கம், தூக்கம், தூக்கம்! இந்த வீட்டுல வேற பேச்சே கெடையாதா? நாங்கல்லாம் புள்ளைங்களைப் பெத்து வளத்தோம், தூங்கியா வளத்தோம்?”

பதில் சொன்னால் வாய் எங்கே போய் நிற்கும் என்று இளையவளுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டூலை ஜன்னலடியில் போட்டு ஏறினாள்.

பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தாள். சாம்பல் நிறத்தில் தடித்த துணி, பின்பக்கம் ரப்பர் பூசிய லைனிங். பின்னால் ஒரு சாணுக்கு ஒன்றாகக் குறுக்கே குச்சிகள், அவற்றில் சின்ன வளையங்கள், வளையங்களுக்குள் ஓடும் கயிறு. கயிற்றை இழுத்தால் துணி மடிப்பு மடிப்பாக மேலே ஏறும், விட்டால் இறங்கும். மேல் ஓரத்தில் நீளத்துக்கு, ஒட்டினால் பிடித்துக்கொள்ளும் வெல்க்ரோ பட்டை. அதை ஒரு மரச்சட்டத்தில் ஒட்டிவிட்டு, சட்டத்தைச் சுவரில் மூன்று பிராக்கெட்டில் உட்காரவைக்க வேண்டும். கடைக்காரன் ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்திருந்தான். ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். அன்னிய ஆள் வந்தால் மாமியார் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவாள்.

பென்சிலால் மூன்று குறி போட்டாள். ட்ரில்லைத் தூக்கி முதல் குறியில் வைத்து அழுத்தினாள்.

மேல்பூச்சு சரசரவென்று விட்டுக்கொடுத்தது. பிறகு கான்கிரீட். நுனி வழுக்கி ஓடிச் சுவரில் கோடு இழுத்தது. அவள் கெட்ட வார்த்தை ஒன்றை வாய்க்குள் சொன்னாள். ட்ரில்லின் திருகைச் சுத்தியல் படம் போட்ட பக்கம் திருப்பிவிட்டு மறுபடி வைத்தாள். இப்போது வீடே அதிர்ந்தது. பல்லெல்லாம் கூசியது. கண்ணிலும் முடியிலும் வெள்ளைத் தூள் கொட்டியது. அவள் நிறுத்தவில்லை. மூன்று வருட மிஷின் சத்தத்துக்கும் சேர்த்து அந்த ட்ரில் பேசிக்கொண்டிருந்தது.

“பொம்பளை ஒருத்தி செவுத்தைக் கொடையறதை இப்பத்தான் பாக்குறேன்” என்று மாமியார் வாசற்படியில் நின்று காதைப் பொத்திக்கொண்டாள். “வீடு இடிஞ்சு விழப்போகுது!”

“விழுந்தா நல்லது அத்தை. புது வீட்டுல ஆளுக்கொரு ஜன்னல் வெச்சுக்கலாம்.”

மாமியார் கரண்டியை ஓங்கினாள். எதை அடிப்பது என்று தெரியாமல் அப்படியே உள்ளே போய்விட்டாள்.

மூன்றாவது துளை கம்பியில் போய் முட்டியது. இரண்டு விரல் தள்ளிப் புதிதாகப் போட வேண்டியிருந்தது. பிளாஸ்டிக் பிளக்குகளைச் சுத்தியலால் தட்டி இறக்கி, ஸ்க்ரூவை முறுக்கினாள். உள்ளங்கையில் கொப்புளம் கட்டி உடைந்தது. மரச்சட்டத்தை ஏற்றிவைத்து, பாதி நிரம்பிய தண்ணீர் பாட்டிலை அதன் மேல் படுக்கவைத்துப் பார்த்தாள். தண்ணீர் இடது பக்கம் சாய்ந்தது. கழற்றினாள். மறுபடி முறுக்கினாள். தண்ணீர் நேராக நின்றபோது மணி பத்தே கால்.

துணியை ஒட்டி, கயிற்றுக் கொக்கியைப் பக்கத்துச் சுவரில் பதித்து, மெல்லக் கயிற்றை விட்டாள்.

மடிப்புகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து இறங்கின. வெயில் பாதியானது, கால் ஆனது, தரையில் ஒரு கோடானது. அதுவும் போனது. வெயில் ஏறிய வேளையில், அந்த அறை முதல் தடவையாக இருட்டியது.

இடது ஓரத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம் கசிந்தது. அது நேராகத் தலையணை மேல் போய் விழுந்தது. இளையவளுக்கு அழுகை முட்டியது. பரவாயில்லை, தலையணையை இந்தப் பக்கம் மாற்றிப் போட்டால் போகிறது என்று நினைத்துக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

வாசல் கதவு திறந்தது. பத்தரைகூட ஆகவில்லை.

“இது என்ன, மிஷின் ஹால்ல இருக்கு?”

மூத்தவளின் குரல். மாமியார் என்னவோ கிசுகிசுத்தாள். செருப்புச் சத்தம் நேராக அறைக்கு வந்தது. கதவு அகலமாகத் திறந்து சுவரில் மோதியது.

நாலு நாளாகச் சரியாக வாராத தலை. தோளில் ஒரு துணிப்பை. அவள் முதலில் இளையவளைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்தாள். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல். பிறகு கிட்டே வந்து துணியின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்தாள்.

“யாரு தெச்சது?”

இளையவள் எதிர்பார்த்த கேள்வி இதுவல்ல. “கடையில குடுத்தேன்.”

“எந்தக் கடையில?”

“டிப்போ ரோட்டுல.”

“ஓஹோ.” மூத்தவள் தலையை ஆட்டினாள். “வீட்டுல ஒருத்தி காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் மிதிச்சுக்கிட்டுக் கெடக்கா. ஊருக்கெல்லாம் தெக்கிறா. இந்த மகாராணிக்கு ஒரு திரை வேணும்னா மட்டும் டிப்போ ரோட்டுக்குப் போகணும். அவ்வளவு கேவலமாடி நான்?”

“உங்ககிட்ட ரெண்டு தடவை கேட்டேன் அக்கா. கண்ணை மூடினா இருட்டுன்னு சொன்னீங்க.”

“வெளையாட்டுக்குச் சொன்னேன்!”

“எனக்கு வெளையாட்டா இல்ல.”

“தெச்சிருக்கான் பாரு லட்சணம். லைனிங்கைக் குறுக்கால வெட்டியிருக்கான். ரெண்டு மாசத்துல கோணிக்கிட்டு நிக்கும். ஓரத்துல பாரு, வெளிச்சம் பல்லைக் காட்டுது. ஜன்னலுக்கு உள்ளளவு எடுத்துட்டு வெளியில மாட்டியிருக்கே. அளவு எடுக்கத் தெரியாதவளுக்கு இந்த வேலை எதுக்கு?”

சொன்னது அத்தனையும் உண்மை. அதனாலேயே இளையவளுக்கு இன்னும் எரிந்தது.

“கோணினா கோணிட்டுப் போகட்டும். என் ரூம், என் ஜன்னல்.”

“உன் ரூமா? நீ இந்த வீட்டுக்கு வர்றதுக்கு ஆறு வருஷத்துக்கு முன்னாடியே அந்த எடத்துல நான் உக்காந்து தெச்சுக்கிட்டு இருந்தேன். என் ரூம்ல வெளிச்சம்னு ஒண்ணு இருக்கா? பகல்லயே லைட்டைப் போட்டாலும் கறுப்பு நூலும் நீல நூலும் ஒண்ணாத் தெரியுது. நாளைக்கு நாப்பது யூனிஃபார்ம் குடுக்கணும். நடுவுல ஆஸ்பத்திரிக்கு ஓடணும். எங்கப்பாவுக்கு வாயில ஊட்டிவிட்டுட்டு வர்றேன். வந்து பாத்தா, என் மிஷினை நாய்க்குட்டியைத் தூக்கிப் போடற மாதிரி வெளியில போட்டிருக்கே!”

மூத்தவள் எட்டிக் கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். திரை மடமடவென்று மேலே ஏறியது. வெயில் அறைக்குள் பாய்ந்தது. இளையவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுந்து கயிற்றைப் பிடுங்கி இறக்கினாள். மூத்தவள் மறுபடி இழுத்தாள். இரண்டு பேர் கையிலும் ஒரே கயிறு. அறை இருண்டது, வெளுத்தது, இருண்டது.

“விடுடி!”

“நீங்க விடுங்க!”

“அய்யோ, பக்கத்து வீட்டுல கேக்கும்” என்று மாமியார் ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து இளையவளைப் பார்த்துத்தான் கத்தினாள். “ஏண்டி, அவதான் அப்பனைப் பத்தின கவலையில இருக்கா, நீ விட்டுக் குடுக்கக் கூடாதா? தூங்குறதுக்கு இவ்வளவு ஆட்டமா? ஒரு நாள் தூங்கலேன்னா என்ன, உலகம் அழிஞ்சா போயிடும்?”

“உலகம் அழியாது அத்தை. அவங்க அப்பா கை போகும்!”

சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகுதான் தன் காதிலேயே அது விழுந்தது. அவள் கயிற்றை விட்டாள்.

“என்ன சொன்னே?” என்றாள் மூத்தவள்.

இளையவள் தூள் படிந்த உதடுகளை நாக்கால் துடைத்தாள்.

“எங்கப்பா கையைப் பத்தி இப்ப என்னமோ சொன்னியே. என்ன அது?”

“அந்தப் போனை எடுத்தது நான்தான் அக்கா.”

மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மூத்தவள் புரியாதவள் போலப் பார்த்தாள்.

“நீ முப்பது பேருன்னியே.”

“பொய் சொன்னேன்.”

“தெரியாதுன்னியே. தினம் கேட்டேனே. தினம் என் மூஞ்சியைப் பாத்துத் தெரியாதுன்னு சொன்னியே.”

“போன வாரந்தான் எனக்கே தெரிஞ்சுது, அது உங்கப்பான்னு. சத்தியமா அக்கா. அவரு வீடு மாறுன தெரு எனக்குத் தெரியாது. ஏழுன்னு சொன்னாங்க. நானும் ஏழுன்னுதான் சொன்னேன். கை எட்டுன்னு தட்டிடுச்சு.”

“தட்டிடுச்சா?” மூத்தவளின் குரல் தாழ்ந்துபோயிருந்தது. அது கத்தலைவிட மோசமாக இருந்தது. “ஒரு மனுஷன் தரையில கெடக்கிறான். வாய் கோணி எச்சில் ஒழுகிக்கிட்டு இருக்கு. ஷெட்டுக்காரன் வாசல்ல நின்னு ரோட்டைப் பாக்குறான், பாக்குறான், வண்டி வரல. டாக்டரு என்ன சொன்னாருன்னு தெரியுமா உனக்கு? பத்து நிமிஷம் முன்னாடி கொண்டுவந்திருந்தா இந்தக் கையைக் காப்பாத்தியிருக்கலாம்னாரு. உனக்குத் தட்டிடுச்சு!”

“நான் தூங்கல அக்கா! மூணு நாளாத் தூங்கல! இந்த வெயிலு, உங்க மிஷினு, கடகடகடன்னு தலைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. எத்தனை தடவை கேட்டேன்? ஒரு திரை. ஒரே ஒரு திரை. யாராவது காதுல வாங்கினீங்களா? சிரிச்சீங்க. ஆந்தைன்னு சிரிச்சீங்க. அன்னிக்கு நான் நாலு மணி நேரம் தூங்கியிருந்தா உங்கப்பா...”

“அப்போ நான்தானா?”

இளையவள் நிறுத்தினாள்.

“சொல்லுடி. எங்கப்பா கையை முடக்கினது நான்தானா? என் மிஷினா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, ஆமாம் என்ற சொல் இளையவளின் நாக்கு நுனியில் வந்து நின்றது. பதினோரு நாளாக அவளை அரித்துக்கொண்டிருந்ததை அப்படியே இன்னொருத்தி தலையில் இறக்கிவிட்டு நிமிர்ந்து நிற்கலாம். அந்த ஆசை மூத்தவளுக்கும் அவள் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். மூத்தவள் கையை ஓங்கினாள்.

அடி விழவில்லை. ஓங்கிய கை திரையைப் பற்றியது. முழு பலத்தோடு கீழே இழுத்தாள். வெல்க்ரோ பட்டை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை சர்ர்ர்ரென்று பிய்ந்துகொண்டு வந்தது. வளையங்கள் தெறித்தன. துணி முழுவதும் இரண்டு பேர் காலடியிலும் விழுந்தது. ஜன்னலில் வெறும் மரச்சட்டம் நின்றது. வெள்ளைத் தூள் வெயிலில் சுழன்று சுழன்று இறங்கியது.

 மாமியார் மூக்கை உறிஞ்சினாள்.

“இல்ல” என்றாள் இளையவள் கடைசியில். “எட்டைத் தட்டினது என் விரல். உங்க மிஷின் தட்டல.”

மூத்தவள் கட்டில்மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அதற்குள் கைவிட்டு இரண்டாக மடித்த ஒரு தாளை எடுத்தாள்.

“இதைப் படி.”

“என்னக்கா இது?”

“படின்னா படி. என் தம்பி எழுதியிருக்கான். இதுக்காகத்தான் சீக்கிரமே வந்தேன். தெச்சதைக் கொஞ்சம் முடிச்சுட்டு, நிதானமாப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடலாம்னு. அவன் சாயங்காலம் நாலு மணிக்கு வந்து வாங்கிட்டுப் போயி உங்க ஆபீஸ் மேலதிகாரிகிட்டக் குடுக்கப் போறான்.”

புகார் மனு. நுணுக்கமான எழுத்து. இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன தெரு. பணியிலிருந்த ஊழியரின் அலட்சியத்தால் எங்கள் தந்தை வலது கையை இழந்தார். அவரால் இனி வண்டி ஓட்ட முடியாது. அந்த ஊழியரை உடனே வேலையிலிருந்து நீக்க வேண்டும். கீழே மகன் கையெழுத்து இருந்தது. மகள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. நடுவில் இன்னோர் இடமும் காலியாக இருந்தது. ‘ஊழியரின் பெயர்’ என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் ஒரு நீளக் கோடு.

“பேரு தெரியலேன்னு விட்டுவெச்சிருக்கான்” என்றாள் மூத்தவள். “நீ விசாரிச்சுச் சொல்லுவேன்னு சொல்லியிருந்தேன்.”

மாமியார் சட்டென்று நடுவில் வந்தாள். கோபமெல்லாம் போய் இப்போது அவள் குரலில் பயம் இருந்தது. “இத பாருங்க ரெண்டு பேரும். வீட்டு விஷயம் வீட்டோட இருக்கட்டும். அந்தத் தாளை இப்பவே கிழிச்சுப் போடு. தம்பிகிட்டத் தெரியலேன்னு சொல்லிடு. எவளோ ஒருத்தின்னு போயிடும். இவ வேலை போச்சுன்னா வீட்டுச் செலவுக்கு என்ன பண்றது? வெளியில தெரிஞ்சா நம்ம மானம் என்ன ஆகறது?”

“எங்கப்பா கை என்ன ஆகறது அத்தை?” என்றாள் மூத்தவள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாமியார் வாசற்படிக்கு ஒதுங்கினாள்.

இளையவள் தாளைப் பிடித்துக்கொண்டே நின்றாள். ‘அலட்சியம்’ என்ற சொல்லை மறுபடி படித்தாள். அது அவளைச் சுட்டது. அலட்சியமா? ஆறு வருடம், எத்தனை ஆயிரம் அழைப்பு, எத்தனை பேரை மூச்சு விடச் சொல்லிச் சொல்லிப் போனிலேயே பிடித்துவைத்திருக்கிறாள். அதற்கெல்லாம் இந்தத் தாளில் இடம் இல்லை. இருக்கவும் முடியாது. அவள் எட்டைத் தட்டியது மட்டுமே இதில் இருக்கிறது, அது நடந்தது.

குனிந்து, ஜன்னல் விளிம்பில் கிடந்த பென்சிலை எடுத்தாள். உடனே அதைப் போட்டுவிட்டுத் தன் வேலைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். பென்சில் எழுத்தை யாரும் அழித்துவிடலாம். தாளைச் சுவரில் வைத்து, கோட்டின் மேல் தன் முழுப் பெயரை எழுதினாள். பக்கத்தில் ஊழியர் எண்ணையும் எழுதினாள். கொப்புளம் உடைந்த கை எரிந்தது. எழுத்து மட்டும் தெளிவாகத்தான் இருந்தது.

“இந்தாங்க. கையெழுத்துப் போடறதும் போடாததும் உங்க இஷ்டம்.”

மூத்தவள் அந்தப் பெயரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் அதே பெயரைக் கூப்பிட்டு அதட்டியிருக்கிறாள், வேலை ஏவியிருக்கிறாள், ஒரு தடவை காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகவும் கூப்பிட்டிருக்கிறாள்.

“நான் மன்னிச்சுட்டேன்னு நெனக்காதே” என்றாள்.

“நெனக்கல.”

“எங்கிட்டப் பொய் சொன்னே. அதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.”

“சரி.”

“சரின்னு சொல்லாதே! வாயை மூடு!”

மூத்தவள் எழுந்தாள். காலில் சிக்கிய திரையை உதைத்துத் தள்ளினாள். தாளை மடித்து எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டாள். கையெழுத்துப் போட்டாளா இல்லையா என்று தெரியவில்லை. மிஷினும் ஓடவில்லை. மாமியார் இரண்டு அறைக்கும் நடுவில் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் புகுந்துகொண்டாள்.

இளையவள் கட்டிலில் சாய்ந்தாள். வெயில் முகத்தில் அடித்தது. கண்ணை மூடினால் சிவப்பாகத் தெரிந்தது. உடம்பு இரும்பாய்க் கனத்தது. நாலு மணிக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருக்கிறது. அதற்குள் கணவனுக்குச் சொல்ல வேண்டும். இது ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காது என்று சொல்ல வேண்டும்.

ஹாலிலிருந்து மூத்தவள் போனில் பேசுவது கேட்டது.

“தம்பி, நாலு மணி வரைக்கும் இருக்காதே. இப்பவே கெளம்பி வா.”

மறுமுனையில் தம்பி என்னவோ கேட்டிருக்க வேண்டும்.

“ஆமா. தெரிஞ்சுடுச்சு... இல்ல, பேரைப் போன்ல சொல்ல மாட்டேன். நீ நேர்ல வந்து அவ சொல்றதைக் கேளு. முழுசாக் கேளு. அப்புறம் நான் கையெழுத்துப் போடறதா வேணாமான்னு பாக்கலாம்... கத்தாதேடா. கத்தறதா இருந்தா நான் கத்திக்கறேன். நீ வா.”

இளையவள் எழுந்து உட்கார்ந்தாள். முடியிலிருந்து சுண்ணாம்புத் தூள் மடியில் கொட்டியது. அவள் முகம் கழுவப் போனாள்.